உடன்படுகிறேன்

எங்கள் மாநிலத்தில் நீதிபதியும் ஓட்டுக் கேட்க வேண்டும்.
எட்டு வருடத்துக்கு ஒருமுறை
மொன்டானாவின் முள்வேலிக் கம்பங்களில்
டானிட்சா பெர்கோவிச் என்ற பெயர் படபடக்கும்,
இந்தப் பக்கம் மாட்டு ஏலம்,
அந்தப் பக்கம் டிராக்டர் டயர்.
மூன்று முறை நின்றார். மூன்று முறையும் ஜெயித்தார்.
கடைசி முறை எதிர்த்து நிற்க ஆளே இல்லை.

ப்யூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்திலிருந்து வந்த குடும்பம்.
வக்கீல்கள் நீட்டி முழக்கினால்
"மூச்சு விலைக்கு வருவது, சிக்கனமாகப் பேசுங்கள்" என்பார்.
சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை.

ஏழு நாற்காலிகளில் இடமிருந்து இரண்டாவது.
இருபத்து நாலு வருடம்.
எல்லோருக்கும் தெரிந்தது அந்த ஓடை வழக்கு:
ஆறு பேர் ஒரு பக்கம், இவர் தனியாக.
"தண்ணீர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை"
என்று தொடங்கிய மாறுபட்ட தீர்ப்பு
பிற்பாடு சட்டமே ஆயிற்று.
மீன்பிடிக்கிறவர்கள் அதைத் தொப்பியில் அச்சடித்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு.
அவருடைய தீர்ப்புகளைத் தட்டச்சு செய்தவள் நான்.
தனியாக நின்றது நாற்பத்தொரு முறை.
மீதி ஆயிரத்துச் சொச்சமும்
ஒரே சொல்:
உடன்படுகிறேன்.

தொண்ணூற்றொன்று, நவம்பர், வெள்ளிக்கிழமை.
ஹைவே மூடப்போகிறார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.
வைக்கோல் கொட்டகை எரிந்து
உள்ளே தூங்கிய கூலியாள் செத்த வழக்கு.
தரையில் கருகிய தடம் பெட்ரோல் ஊற்றிய தடம்
என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார்.
மேல்முறையீட்டில் முகங்கள் வருவதில்லை,
காகிதம்தான் வரும்.
ஆரின் ட்வெட் என்பது
ஒரு கோப்பின் முதுகில் இருந்த பெயர், அவ்வளவுதான்.
நான்கு பக்கத் தீர்ப்பு.
கோட்டைப் போட்டுக்கொண்டே வாசித்தார்.
நான் டைப்ரைட்டருக்கு உறை மாட்டியிருந்தேன்,
கழற்றினேன்,
அந்தச் சொல்லை அடித்தேன்,
மறுபடி மாட்டினேன்.

பதினாலு வருடம் கழித்து
வேறொரு ஊர், கீழ்க்கோர்ட்டு, வேறு நிபுணர்கள்:
பெட்ரோல் இல்லாமலும் தரை அப்படித்தான் கருகுமாம்.
விடுதலை.
வழக்கு எங்கள் மேசைக்குத் திரும்பி வரவேயில்லை.
காலைப் பேப்பரில் பார்த்தார்.
காபி ஆறிப் பாலேடு கட்டிற்று.
அன்றும் இரண்டு தீர்ப்புக்கு உடன்பட்டார்,
ஆனால் இரண்டையும் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்,
அடிக்குறிப்பு உட்பட.

ஓய்வு பெற்றபோது
தாழ்வாரத்தில் மாட்ட ஒரு படம் வரைந்தார்கள்.
ஓவியர் கையில் பேனா கொடுத்திருந்தார்.
எடுத்துவிடச் சொன்னார்.
இப்போது அந்த வலது கை
எதையோ கீழே போட்டுவிட்டதுபோல் மடியில் கிடக்கிறது.

அந்தப் பிப்ரவரியில்
இருநூறு மைல் தனியாக ஓட்டிப் போனாராம்,
ஹாவருக்கு. ரயில்வே பாதைக்கு எதிரே ஹார்டுவேர் கடை.
என்ன சொல்வது என்று
கிரேட் ஃபால்ஸ் தாண்டும்வரை ஒத்திகை பார்த்தாராம்.
கடைக்குள் நுழைந்ததும்
வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிற
பனிவாரும் மண்வெட்டி ஒன்றை எடுத்து
கவுண்டரில் சாய்த்தார்.

நரைத்த மீசை. ஒரு விரலில் பிளாஸ்டர்.
இருபத்தாறு டாலர் எண்பது சென்ட்.
கார்டை வாங்கித் தேய்த்து
சீட்டை இவர் பக்கம் திருப்பினான்.
போட்டார்.
ஆயிரம் காகிதத்தில் போட்ட அதே கையெழுத்து,
அதே சாய்வு, கடைசி எழுத்தில் அதே கொக்கி.

அவன் கார்டின் பின்பக்கத்தைப் பார்த்தான்.
சீட்டைப் பார்த்தான்.
கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான் என்கிறார் இவர்.
கண்ணாடி போடாமல் வந்திருப்பான் என்று
நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஒத்துப்போகுது" என்றான்.

பிறகு, பின்னால் நின்றவர் நீட்டிய
குழாய் வாஷருக்கு
விலை தேடத் திரும்பிக்கொண்டான்.